ஒட்டவைத்த ஜன்னல்

1

இந்தக் கதை அத்தானைக் கிண்டல் பண்ணத்தான் ஆரம்பித்தது, ஒளிப்பானேன். புறநகரில் அவர் கட்டிய புது வீட்டைப் பார்த்துவிட்டு வந்த கையோடு எழுத உட்கார்ந்தேன். முதல் வரி: ‘வாசலில் நான்கு தூண்கள், எதையும் தாங்காமல்…’

(அடித்துவிட்டேன். தூணைச் சொன்னால் பால்கனியையும் சொல்ல வேண்டும். அதற்குப் போகக் கதவு கிடையாது.)

2

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்பார்கள். கல்யாணத்துக்காவது அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டார்கள். வரைபடம் முழுக்க அத்தானின் கைவண்ணம். தெருவிலிருந்து பார்த்தால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், அவருக்கு அவ்வளவுதான். இடப்பக்கம் கூடத்துக்கு ஜன்னல் வந்தது. வலப்பக்கம் சமையலறை. அங்கே அலமாரிக்குச் சுவர் வேண்டியிருந்ததால், வெளியே மட்டும் சட்டமும் கண்ணாடியும் ஒட்டிவிட்டார். திருடன் வராமலிருக்கக் கம்பி வேறு.

3

அத்தானை வில்லனாக்கப் பார்த்தேன், மனசு வரவில்லை. தினமும் காலையில் அந்தக் கண்ணாடியைத் தன் கையாலேயே துடைக்கிற மனிதர். அந்த நேரத்தில் சுவருக்கு இந்தப் பக்கம், பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு அக்கா காய் நறுக்குகிறாள்.

“தெருவுல போறவங்களுக்கு ஜன்னல் இருக்கு. எனக்குத்தான் இல்ல,” என்றாள்.

சுற்றுச்சுவர் வேலைக்கு வந்திருக்கும் கொத்தனாருக்கு நாளையோடு வேலை முடிகிறது. அவர் போவதற்குள் சுவரைத் திறந்தால் உண்டு. அத்தானிடம் எப்படிக் கேட்பது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

4

முடிவு ஒன்று: அத்தானே சுத்தியலைத் தூக்கி… (அவர் சுத்தியல் பிடித்து நான் பார்த்ததில்லை.)

முடிவு இரண்டு: உள்பக்கமும் ஒரு கண்ணாடியை ஒட்டி, பின்னால் பல்பு வைத்துத் தருகிறார். (இதுதான் நடக்கும். அதனால்தான் எழுதப் பயமாயிருக்கிறது.)

இரண்டையும் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். முதலாவதைக் கேட்டுச் சிரித்தாள். பிறகு சொன்னாள்: “உன் கதையில உடைச்சிட்டே. என் வீட்டுல யாரு உடைப்பா?”

5

அத்தான் கதை படிக்கிற ஆள் இல்லை. மச்சினன் பேச்சும் காதில் ஏறாது. தெருவில் போகிறவர் நின்று ஒரு வார்த்தை சொன்னால் மட்டும் அது அவருக்கு வேதவாக்கு. ஆகவே முடிவை உங்களிடம் விடுகிறேன். நாளைக் காலை அந்தப் பக்கம் போனால், வீடு பிரமாதம் என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டாதீர்கள். வலப்பக்க ஜன்னலைக் கொஞ்சம் திறந்து காட்டச் சொல்லுங்கள்.