பெட்டி வாய் திறக்கும் வரை

மச்சானுக்குக் கம்பி தர வேண்டிய பாக்கி நானூற்றுப் பன்னிரண்டே முக்கால் ரூபாய். நானூறு ஒரு பழைய கணினிக்கு. பன்னிரண்டே முக்கால், அதைக் கொண்டுவர ஆன பஸ் கூலி. முப்பத்தொரு வருஷமாக அது ஒரு காசு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

கம்பி என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. சரக்குக் கிடங்கில் மூட்டை தூக்குகிறவர். எந்நேரமும் சட்டைப் பையில் ஒரு சுருள் செம்புக் கம்பி இருக்கும். மற்றவர்கள் சாப்பிட்டுவிட்டுக் கோணிமேல் சாய்ந்திருக்கும்போது, அவர் பழைய ரேடியோவைக் குடல் உருவிக்கொண்டிருப்பார். மூன்றாம் தடவை பரீட்சை எழுதி, வானொலியில் பேசுவதற்கு லைசென்ஸும் வாங்கிவிட்டார். முதல் முறை பேசியபோது பக்கத்து வீட்டு டீவிக்குள் புகுந்துவிட்டது அவர் குரல். செய்தி வாசித்துக்கொண்டிருந்த பெண்ணின் வாயிலிருந்து, "சோதனை, சோதனை, சாப்பாட்டுக்கு இன்னும் நேரம் இருக்கு" என்று வந்ததாம். பக்கத்து வீட்டுக்காரர் கரண்டியோடு ஓடிவந்தார்.

கணினி ஆசை வந்ததும் அந்த வானொலியால்தான். துறைமுக ஊரில் பழைய பெட்டிகளை எடைக்குப் போடுகிறார்கள் என்று யாரோ காற்றில் சொன்னார்கள். கையில் பணம் இல்லை. மனைவியின் அண்ணன் லாரி ஓட்டுகிறவர். கேட்டதும் டவுசர் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

பெட்டியோடு பஸ் ஏறிய கதையை அந்தக் குடும்பம் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கும். கூடவே பதினோரு அடி ஏரியல் குழாய் ஒன்றும் மலிவாகக் கிடைத்துவிட்டது. கண்டக்டர் குழாய்க்கும் ஒரு டிக்கெட் கிழித்தார்.

"உட்காரப் போறது நான் ஒருத்தன்தானே?" என்றார் கம்பி.

"நீ உட்காருவே. அது நிக்குதுல்ல, நிக்கறதுக்கும் டிக்கெட் உண்டு" என்றார் கண்டக்டர்.

பெட்டியை மேலே போடச் சொன்னார்கள். கம்பி மறுத்துவிட்டார். மூட்டை தூக்குகிறவனை நம்பக் கூடாது என்று மூட்டை தூக்குகிறவனைவிட யாருக்குத் தெரியும்? ஏழு மணி நேரம் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். அசந்து தூங்கி, தன் ஊரைத் தாண்டி, பஸ் கழுவுகிற இடத்தில் தண்ணீர் பட்டுத்தான் விழித்தார். பெட்டியின் மேல் கவிழ்ந்து படுத்து, முதுகில் தண்ணீரை வாங்கிக்கொண்டார்.

அவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்த பெட்டி வாயே திறக்கவில்லை. டீவியோடு இணைத்தால் திரை முழுக்கப் பொரி பொரியாகக் கட்டம்.

வருஷக் கடைசியில் பணத்தைக் கொண்டுபோய் நீட்டினார். மச்சான் வாங்கவில்லை.

"பெட்டி பேசிச்சா மாப்ளே?"

"இல்ல மச்சான்."

"அப்ப எதுக்குப் பணம்? நான் கொடுத்தது பேசற பெட்டிக்கு. அது என்னைப் பார்த்து ஒரு வார்த்தை பேசட்டும், எண்ணி வாங்கிக்கறேன். அதுவரைக்கும் உங்க காசு உங்ககிட்டயே இருக்கட்டும்."

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் விளையாட்டு நாளாக ஆகப் பிடிவாதமாகிவிட்டது. கல்யாண வீடோ சாவு வீடோ, பார்த்ததும் முதல் கேள்வி, "ஊமைப் பெட்டி எப்படி இருக்கு?" சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். கம்பியும் சிரிப்பார். எடுத்த மூட்டையை நடுவழியில் இறக்கி அறியாத மனுஷன். இந்த ஒரு மூட்டை மட்டும் தோளிலேயே இருந்தது.

அந்தக் காலத்தில் மச்சானின் லாரி அவர்கள் தெருவைக் கடந்துதான் போகும். முனையில் திரும்பும்போது ஹாரன் அடிப்பார். நீளமாய் ஒன்று, குட்டியாய் இரண்டு, பிறகு ஒரு இழுவை. கேட்டதும் கம்பியின் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு ஓடுவாள். ஐந்து நிமிஷம் வண்டியை நிறுத்தித் தங்கையோடு பேசிவிட்டுப் போவார். பெட்டி பேசினால் அந்த ஹாரனைத்தான் பேசும் என்று கம்பி அப்போதே முடிவு செய்திருந்தார். அதற்கான நிரலைப் பழைய நோட்டில் பதினான்கு வரியாக எழுதியும் வைத்துவிட்டார். குதிரை இல்லாமலே லாடம் அடித்தாயிற்று என்பாள் மனைவி.

வானொலியில் தினமும் காலையில் பேசும் சிநேகிதர் ஒருவர் உண்டு, பல் டாக்டர். முகம் பார்த்ததில்லை. அவர்தான் ஒருநாள் வழி சொன்னார்: "உள்ளே கறுப்பா எட்டு சிப், பூச்சி மாதிரி வரிசையா இருக்கும், ஆளுக்குப் பதினாறு கால். அதுதான் பெட்டியோட ஞாபகம். கரண்ட் கொடுத்துட்டு ஒவ்வொண்ணா விரலை வைங்க. எது சுடுதோ அதுதான் திருடன்."

கம்பி விரலை வைத்துப் பார்த்தார். எட்டும் ஒன்றுபோலவே இருந்தன. திருடன் இங்கே இல்லை என்று தீர்மானித்து, மற்ற உறுப்புகளையெல்லாம் ஒவ்வொன்றாக மாற்றினார். அதிலேயே காலம் ஓடிவிட்டது. கிடங்கில் இயந்திரம் வந்தது, அவர் வேலையும் நின்றது. வீட்டில் புதுக் கணினி வாங்கினார்கள். ஊமைப் பெட்டி அலமாரிக்கு மேலே போனது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இறக்கித் தூசி தட்டிப் பார்ப்பார்.

போன மாதம் மச்சான் வீட்டிலிருந்து தகவல் வந்தது. மகள் வெளிநாட்டுக்குக் கூப்பிட்டுக்கொள்கிறாள், வீட்டைக் காலி செய்கிறார்கள், இனி வருவது கஷ்டம். கம்பி பெட்டியை இறக்கித் திறந்து, மறுபடியும் பூச்சிகளைத் தொட ஆரம்பித்தார்.

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். "என்னங்க, அதுக்கு ஜுரமா பார்க்கறீங்க?"

"ஆமா. யாருக்கும் ஜுரம் இல்ல."

அவள் வந்து புறங்கையை வரிசையாக வைத்தாள். ஐந்தாவதில் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "இது கொள்ளிக்கட்டையா இருக்கே. உங்களுக்குத் தெரியலையா?"

கம்பி தன் விரல்களைத் திருப்பிப் பார்த்தார். முப்பது வருஷம் கோணி உரசிக் காய்த்துப் போன விரல்கள். கொதிக்கிற டம்ளரைத் துணியில்லாமல் எடுக்கிற கை. அதை வைத்துக்கொண்டு சூடு பார்த்திருக்கிறார்.

"இவ்வளவு நாளா என்னைக் கேட்டிருக்கலாம்ல" என்றாள்.

"கேட்டிருக்கலாம்" என்றார் கம்பி. 

ஐந்தாவது பூச்சியை மாற்றியதும் திரை சுத்தமானது. பதினான்கு வரியும் ஓடின. ஹாரன் வந்தது. மின்சாரத்தை நிறுத்தினால் பெட்டி எல்லாவற்றையும் மறந்துவிடும், அதனால் நிரலை ஒரு கேசட்டில் பதிந்துகொண்டார். மச்சானுக்கு இப்போது காது மந்தம் என்பதால், கிடங்கு ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய பெரிய ஸ்பீக்கர் ஒன்றையும் டேப் ரெக்கார்டரோடு பையில் வைத்தார். இருவரும் பஸ் ஏறினார்கள். இந்த முறை தூங்கவில்லை.

மச்சான் வீடு வெறிச்சென்றிருந்தது. சுவரில் படங்கள் இருந்த இடம் மட்டும் வெள்ளைச் சதுரமாக. நாலைந்து அட்டைப் பெட்டி, இரண்டு நாற்காலி. மாலை நாலு மணிக்கு விமான நிலையத்துக்குக் கார் வருகிறது.

"என்ன மாப்ளே, ஊமையையும் கூட்டிட்டு வந்திருக்கீங்க, வழியனுப்பவா?" என்றார் மச்சான், கொஞ்சம் உரக்கவே.

"பேச வந்திருக்கு மச்சான். டீவி எங்கே?"

"அது வித்தாச்சே."

கம்பி பையிலிருந்து டேப்பையும் ஸ்பீக்கரையும் எடுத்துப் பெட்டியோடு இணைத்தார். பரவாயில்லை, கேசட்டிலிருந்து ஏற்றினால் திரை தேவையில்லை. ஏற்றினார். ஒன்றும் வரவில்லை. கேசட்டைச் சும்மா ஓடவிட்டு, டேப்பில் காதை வைத்துக் கேட்டார். உஸ் என்ற சத்தம் மட்டும். காலிப் பையைப் பார்த்தார். ஸ்பீக்கரின் பின்புறக் காந்தத்தையும் கேசட்டையும் ஒரே மூலையில் ஒட்ட வைத்திருந்தார். வழி முழுக்கக் காந்தம் பதிவைத் துடைத்துக்கொண்டே வந்திருக்கிறது. ரேடியோக்காரன் செய்கிற காரியமா இது?

"சரி விடுங்க மாப்ளே. இத்தனை வருஷம் பேசாதது இன்னைக்கா பேசப்போகுது?" மச்சான் குரலில் கேலி இல்லை. அதுதான் கம்பிக்குப் பொறுக்கவில்லை.

மனைவி தன் பையிலிருந்து பழைய நோட்டை எடுத்தாள். "நான் படிக்கிறேன். நீங்க தட்டுங்க."

திரை இல்லாமல் விசைகளைத் தட்ட வேண்டும். ஓர் எழுத்து பிசகினாலும் பெட்டி பேசாது, எங்கே பிசகியது என்றும் தெரியாது. அவள் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் அவர் தடித்த விரலைத் தூக்கி, ஊசியில் நூல் கோர்ப்பதுபோல இறக்கினார். ஒன்பதாவது வரியில் விரல் விசைமேல் துள்ளியது.

"ரெண்டு தடவை அழுத்திட்டேனா?"

"ஒரு தடவைதான். சத்தம் கேட்டேன். மேல போங்க."

மூன்றே கால். மச்சான் நாற்காலியை இழுத்துப்போட்டு ஸ்பீக்கருக்கு எதிரே உட்கார்ந்தார். பதினான்காவது வரி முடிந்தது. ஓடு என்ற கட்டளையைத் தட்டிவிட்டுக் கம்பி கையை எடுத்தார்.

ஒரு மூச்சு நேரம் ஒன்றுமில்லை. பிறகு, காலி வீடு அதிர, நீளமாய் ஒன்று, குட்டியாய் இரண்டு, ஒரு இழுவை.

மச்சான் தலையை ஆட்டினார். "இது என் ஹாரன் இல்ல மாப்ளே. என்னது இன்னும் கனமா இருக்கும்."

"வாய்தான் இல்லைங்குது அண்ணே" என்றாள் தங்கை. "காலைப் பாருங்க. பிரேக் போட்டுடுச்சு."

மூவரும் குனிந்து பார்த்தார்கள். மச்சானின் வலது கால் செருப்போடு தரையை அழுத்திக்கொண்டிருந்தது, தெருமுனையில் வண்டியை நிறுத்துகிறவர்போல. அவர் காலை மெல்ல எடுத்தார். 

"எடுங்க பணத்தை" என்றார்.

கம்பி மடித்து வைத்திருந்த உறையை நீட்டினார். மச்சான் எச்சில் தொட்டு நிதானமாக எண்ணினார். நானூற்றுப் பன்னிரண்டு. அடியில் மூன்று கால் ரூபாய்க் காசுகள், கறுத்துப் போனவை.

"இந்தக் காசு இப்போ செல்லாதே மாப்ளே."

"நீங்க கொடுத்தப்போ செல்லுச்சு மச்சான்."

மச்சான் அவரை ஏறிட்டுப் பார்த்தார். நோட்டுகளைத் தங்கையின் கையில் திணித்தார், அண்ணன் கொடுத்தால் வாங்கிக்கொள் என்று. மூன்று காசுகளை மட்டும் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினார்.

"கணக்குத் தீர்ந்தது" என்றார். "கார் வர இன்னும் நேரம் இருக்கு. இன்னொரு தடவை ஓட்டுங்க."