கிலுகிலுப்பைச் சரிவு

தாவரவியல் ஆசிரியைக்கு ஒரு வாரமாக இருப்புக்கொள்ளவில்லை. வகுப்பில் நிற்கும்போதே மனசு பேருந்து நிலையத்துக்குப் பின்னாலிருக்கும் சரளைச் சரிவுக்கு ஓடிவிடும். அவரைப்பூ ஜாடையில், சின்னச் சின்ன மஞ்சள் பூவாக, ஒரு கிலுகிலுப்பைச் செடி அங்கே படர்ந்திருந்தது. அந்த வகையை அவள் வேறெங்கும் பார்த்ததில்லை. காய் முற்றினால்தான் விதை கிடைக்கும், காயெல்லாம் பச்சை. நாளைக்கோ வண்டி நிறுத்தம் கட்டச் சரிவை வெட்டப்போகிறார்கள். நகராட்சி அலுவலகத்துக்கு நடையாய் நடந்ததற்குப் பலனில்லை.

மண் வெட்டும் இயந்திரத்தை ஓட்டுபவன் அவள் கொழுந்தன்.

"கொஞ்ச நாள் தள்ளிப்போட முடியாதா தம்பி?"

"என் பேச்சை யாரு கேப்பாங்க அண்ணி? நான் போகலன்னா இன்னொருத்தன் ஏறி ஓட்டுவான்."

மறுநாள் விடுப்பு போட்டுவிட்டுச் சரிவில் போய் நின்றாள். அவன் எதிர்முனையிலிருந்து வெட்டிக்கொண்டே வந்தான். செடிக்குப் பக்கத்தில் வந்ததும் இயந்திரத்தை நிறுத்தி இறங்கினான்.

"வேர் எவ்வளவு ஆழம் போகும்?"

"இடுப்பளவு போகும்."

மறுபடி ஏறினான். இயந்திரத்தின் வாளி ஆழமாக இறங்கி, செடியை மண்ணோடு அள்ளிப் பக்கத்தில் நின்ற லாரியில் போட்டது.

"எங்க கொட்டணும் அண்ணி?"

வெட்டாதே என்று மல்லுக்கட்டினாளே தவிர, எங்கே வைப்பது என்று யோசிக்கவேயில்லை. லாரியில் ஏறி அலைந்தார்கள். ஆற்றோரம் ஈரம், பூங்காவில் நிழல். கடைசியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வெயில் காயும் சரளைமேடு கிடைத்தது.

"குப்பையா?" என்றார் தொட்டிக் காவலாளி.

"செடிங்க."

எட்டிப் பார்த்தார். "எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது. கொட்டுங்க."

சில நாளிலேயே செடி கருகிவிட்டது. "போனது போச்சு, சாப்பிடு" என்றார் கணவர். அவள் தட்டை ஒதுக்கிவைத்துவிட்டு எழுந்தாள்.

மழை பெய்ததும் அந்த மண்ணில் முளைகள் எழும்பின. போன வருடம் உதிர்ந்த விதைகளாயிருக்கலாம். வெறும் களையாகவும் இருக்கலாம். தினமும் போய்க் குனிந்து பார்த்தாள். இலை விரிந்த பிறகுதான் தெரிந்தது: முக்கால்வாசி களை, நாலே நாலு கிலுகிலுப்பை.

சேதி கேட்டுக் கொழுந்தன் முள்கிளைகளோடு வந்து, ஆடு வாய்வைக்காதபடி அடைப்புக் கட்டினான்.

"இனிமேலாவது நிம்மதியா இருங்க அண்ணி. வாங்க, அண்ணன் தேடுவாரு."

"நீ முன்னால போ. அந்த ஓரத்துல ஒரு ஆடு நுழையலாம் போலிருக்கு."