மணிக்கொரு மிஸ்டு கால்

போனின் மேல்மூலையில் நாலு கோடு நிற்கிறதே, அதை நான் இப்போது நம்புவதில்லை. ஆறு வாரம் அது வாய் கூசாமல் என்னிடம் பொய் சொல்லியிருக்கிறது.

எங்கள் வீட்டில் இரண்டு போன். ஒன்று எனக்கு, ஒன்று என் வீட்டுக்காரருக்கு. இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே நாளில் வாங்கியவை. ஒன்றின் சார்ஜர் இன்னொன்றுக்கு உதவுமே என்று யோசனை சொன்ன மகராசி நான்தான். ஒன்றுக்கு வருகிற சீக்கு இன்னொன்றுக்கும் வரும் என்று அன்றைக்குத் தோன்றவில்லை.

சீக்கு வந்தது ஓர் அப்டேட்டில். பாதுகாப்புக்காக என்று போட்டிருந்தான். நல்ல பிள்ளைகளாக இரண்டு பேரும் போட்டுக்கொண்டோம். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாயிற்று. அன்றிலிருந்து கோடு நாலும் நிற்கும், போன் பளிச்சென்று இருக்கும், ஆனால் யார் கூப்பிட்டாலும் அடிக்காது. தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாகக் கூப்பிடுகிறவர்களுக்குச் சொல்லிவிடும். அணைத்துப் போட்டால் உயிர் வரும். சில சமயம் ஒரு நாள் தாங்கும், சில சமயம் ஒரு மணி நேரம். மறுபடி போய்விடும். போனது மட்டும் நமக்குத் தெரியாது. ஏதாவது ஓர் அறிகுறி காட்டித் தொலைத்தால்தான் என்ன?

மற்றவர்களுக்கு இது எரிச்சலோடு போகும். எங்களுக்கு அப்படியில்லை. இவருக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டு இரண்டு வருடமாகிறது. வேன் ஓட்டிக்கொண்டிருந்தவர். இப்போது வாரத்துக்கு மூன்று நாள், நாலு மணி நேரம், டயாலிசிஸ் சென்டரில் படுத்திருக்கிறார். ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணீர்தான் என்று பாட்டிலில் கோடு போட்டு வைத்திருக்கிறோம். மாற்றுச் சிறுநீரகத்துக்கான பட்டியலில் பெயர் இருக்கிறது. பதிவு செய்த அன்று அந்த அலுவலகத்து அம்மா தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"ரெண்டு நம்பருக்கும் கூப்பிடுவோம்மா. பகலோ ராத்திரியோ தெரியாது. இருபது நிமிஷம் பார்ப்போம். யாரும் எடுக்கலைன்னா அடுத்த ஆளைக் கூப்பிட்டுடுவோம். எங்களுக்கும் வேற வழியில்ல."

அந்த அம்மாவின் எண்ணை இரண்டு போனிலும் 'லிஸ்ட் அம்மா' என்று போட்டு வைத்தோம். எனக்கு அது மனப்பாடம். என் சொந்த எண்ணைக் கேட்டால்கூட ஒரு நொடி யோசிப்பேன்.

போன் கடைக்காரரிடம் போனபோது, "இந்த மாடல் எல்லாத்துக்குமே இதே பிரச்சனைக்கா. அடுத்த அப்டேட்ல சரி பண்ணிடுவாங்க. பத்து நாள் பொறுத்துக்குங்க" என்றார். பத்து நாள் ஆனது, இருபது நாள் ஆனது. தினமும் காலையில் எழுந்ததும் செட்டிங்ஸைத் திறந்து பார்ப்பேன். உங்கள் மென்பொருள் புதிய நிலையில் உள்ளது என்று பெருமையாகச் சொல்லும். நான் இலவு காத்த கிளியாகக் காத்துக்கிடந்தேன்.

அதற்குள் நாங்களே ஒரு வழி கண்டுபிடித்தோம். ஒவ்வொரு மணிக்கும் அவர் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். அடுத்த நிமிடம் நான் அவருக்கு. இரண்டு ரிங், அவ்வளவுதான், எடுக்கக் கூடாது. அடிக்கவில்லையென்றால் அந்தப் போனை அணைத்துப் போட வேண்டும். ராத்திரியிலும் இதே கதைதான். பன்னிரண்டு வரை அவர் முறை, அதற்குப் பிறகு என் முறை.

எனக்கு ஓட்டலில் சலவைப் பிரிவில் வேலை. தரைக்குக் கீழே இருக்கிறது, சிக்னல் எட்டிப் பார்க்காது. அதனால் காலுறை துவைக்கும் வலைப் பையில் போனைப் போட்டு மாடிப்படி ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிடுவேன். மணியாகும்போது கையிலிருக்கும் படுக்கை விரிப்பின் இரண்டு முனைகளையும் எதிரே நிற்பவளிடம் கொடுத்துவிட்டு ஓடுவேன். அவள் நாலு முனையையும் பிடித்துக்கொண்டு, "போ, உன் ஆளு கூப்பிடுற நேரம். கல்யாணமான புதுசுல கூட இப்படி ஓடியிருக்க மாட்டே" என்பாள். சூப்பர்வைசர் முறைப்பார். முறைக்கட்டும்.

இதையெல்லாம் கேட்டு முதல் நாளே ஒருவர் வழி சொன்னார். டயாலிசிஸ் சென்டரில் இவருக்குப் பக்கத்துக் கட்டில். தையல்காரர், தனி ஆள். கையில் ஒரு பழைய பட்டன் போன் வைத்திருப்பார். எண்கள் தேய்ந்து போய் விரல் பழக்கத்தில்தான் அடிப்பார். பட்டனண்ணே என்றுதான் நான் கூப்பிடுவேன். அவரும் அதே பட்டியலில் இருந்தார், அதே ரத்த வகை.

"தங்கச்சி, சிம்மைக் கழட்டி என்னுது மாதிரி ஒரு போன்ல போடு. கீழ விழுந்தாலும் அடிக்கும், தண்ணியில விழுந்தாலும் அடிக்கும்."

"உங்க போன் கல்லு மாதிரி இருக்குண்ணே. அதுல ரிப்போர்ட் வருமா, போட்டோ வருமா?"

"ரிப்போர்ட்டைப் பேப்பர்ல வாங்கிக்க. கால் வரணும்ல?"

நான் சிரித்தேன். புதுப் போனைத் தூக்கி அலமாரியில் வைப்பதா என்று இருந்தது. இன்றைக்கோ நாளைக்கோ அப்டேட் வந்துவிடப் போகிறதே என்றும் இருந்தது. அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

அப்டேட் ஆறாவது வாரம், செவ்வாய்க்கிழமை வந்தது. அன்று எனக்கு விடுமுறை, சென்டருக்குக் கூடப் போயிருந்தேன். ஒரு மணிக்கு இவரை மெஷினில் போட்டார்கள். ஊசி குத்தும் இடது கையில் அறுவை செய்து ரத்தக் குழாய்களை இணைத்திருப்பார்கள். தோல்மேல் விரல் வைத்தால் போன் அதிர்வதுபோல் உள்ளே அதிரும். அதிர்ந்தால் நல்லது. தினமும் தொட்டுப் பார்ப்பேன். அதற்கு மட்டும் ஒரு நாளும் சிக்னல் போனதில்லை.

ஒன்றரை மணிக்கு இரண்டு போனிலும் அறிவிப்பு வந்தது. நெட்வொர்க் பிரச்சனைகள் சரிசெய்யப்பட்டுள்ளன என்று முதல் வரியிலேயே இருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. கீழே ஓர் எச்சரிக்கை: நாற்பத்தைந்து நிமிடம் ஆகும், அதுவரை போனைப் பயன்படுத்த முடியாது.

"நாளைக்குப் பார்த்துக்கலாமே" என்றார் இவர்.

"நாளைக்கு மட்டும் நாப்பத்தஞ்சு நிமிஷம் ஆகாதா? இங்க வைஃபை இருக்கு, நான் இருக்கேன். முதல்ல உங்க போனைப் போடுவோம், என்னுது காவலுக்கு இருக்கட்டும். அது முடிஞ்சதும் என்னுது. ஒருத்தர் தூங்கினா ஒருத்தர் முழிச்சிருப்போம்."

"உன்னோடது சரியா இருக்கா?"

"ரெண்டு மணி ஆகட்டும், பார்த்துட்டே போடுவோம்."

இரண்டு மணிக்கு அவர் கொடுத்தார், என் போன் அடித்தது. நான் கொடுத்தேன், அவர் போன் அடித்தது. இரண்டும் உயிரோடிருந்தன. இரண்டு ஐந்துக்கு அவர் போனில் நிறுவு என்பதை நானே அழுத்தினேன். திரை கறுத்து நடுவில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. என் போனை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு கோடும் நின்றன. முக்கால் மணி நேரம் அந்த நாலு கோட்டைத்தான் பார்த்தேன், பாவி.

இரண்டு ஐம்பது இருக்கும். பக்கத்துக் கட்டிலில் பட்டனண்ணனின் போன் கூடமே அதிர அடித்தது. ஒரு கையில் ஊசி, மறு கையால் துழாவி எடுத்தார்.

"ஆமாம்மா, நான்தான்... இப்பவா?... வரேன். வரேம்மா. ஒண்ணும் சாப்பிடல, வயிறு காலிதான்."

போனை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, எனக்கு வந்துடுச்சு."

நர்ஸ் ஓடி வந்து அவரை மெஷினிலிருந்து எடுத்தார். எழுந்து உட்கார முடிந்தவர்கள் எல்லோரும் எழுந்து பார்த்தார்கள். யாரோ கைதட்டினார்கள். இவர் கட்டிலிலிருந்தே, "அண்ணே, ஜமாய்ங்க. இனிமே வயிறு முட்டத் தண்ணி குடிங்க" என்றார். எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்லவில்லை. அடிவயிற்றில் ஒரு சின்னப் பொறாமையும் எரிந்தது, அதையும் மறைக்கவில்லை. அவருக்குக் கூட வர ஆளில்லை. அவருடைய துணிப்பையை நான்தான் அடுக்கினேன். குனிந்து செருப்பை மாட்டிவிட்டேன். பட்டன் போனைச் சட்டைப்பையில் வைத்துப் பொத்தான் போட்டேன்.

வண்டிக்காக அவரைச் சக்கர நாற்காலியில் வாசலருகே உட்காரவைத்தார்கள். நான் திரும்பி வந்தபோது சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்று. பழக்கத்தில் போனைக் கையிலெடுத்துக் காத்திருந்தேன். அப்புறம்தான் உறைத்தது. எனக்கு மிஸ்டு கால் கொடுக்க வேண்டிய போன், சொன்ன நாற்பத்தைந்து நிமிடம் தாண்டியும் கறுப்புத் திரையோடு கிடக்கிறது. என் போன் உயிரோடிருக்கிறதா என்று பார்க்க இருந்தது அந்த ஒரு வழிதான். அதை நானே அணைத்து வைத்திருந்தேன்.

அவசரமாக என் போனை அணைத்துப் போட்டேன். அது முழிப்பதற்குள் அவர் போனில் வட்டம் நின்று திரை வெளிச்சமானது. வரவேற்கிறோம் என்றது. உடனே மூன்று செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. நீங்கள் தவறவிட்ட அழைப்பு, லிஸ்ட் அம்மா, இரண்டு இருபத்தெட்டு. லிஸ்ட் அம்மா, இரண்டு முப்பத்தாறு. லிஸ்ட் அம்மா, இரண்டு நாற்பத்தைந்து. பின்னாலேயே என் போனிலும் வந்தன, அதே பெயர், இடையிடையே இருந்த நிமிடங்கள்.

கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். இவர் என் முகத்தைப் பார்த்தார், கையை நீட்டிப் போனை வாங்கினார், பார்த்தார். வாசலில் பட்டனண்ணன் இன்னும் உட்கார்ந்திருந்தார். வண்டி வரவில்லை. அவர் போய்ச் சேரவில்லை, கத்தி வைக்கவில்லை. இப்போது கூப்பிட்டுச் சொன்னால், இங்கேதான் இருந்தோம், மெஷினில்தான் இருந்தோம் என்று கதறினால்? கதறத்தான் நினைத்தேன். அந்தச் சக்கர நாற்காலியைப் பிடித்து நிறுத்தத்தான் நினைத்தேன். நான் நல்லவள் இல்லை.

"அவர் போகட்டும்" என்றார் இவர். குரல் எழும்பவில்லை. "அவருக்குத் தெரிய வேணாம்."

அந்த நேரம் பார்த்து வாசலிலிருந்து பட்டனண்ணன் கேட்டார்.

"தங்கச்சி, அப்டேட் முடிஞ்சுதா? இப்பவாவது சிக்னல் எடுக்குதா?"

போனை அவருக்குத் தெரியும்படி தூக்கிக் காட்டினேன்.

"எடுக்குதுண்ணே. நல்லா எடுக்குது. நீங்க தைரியமா போயிட்டு வாங்க."

அவர் கையை ஆட்டினார். வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போனது.

வண்டி மறைந்த பிறகு லிஸ்ட் அம்மாவைக் கூப்பிட்டேன். முதல் ரிங்கிலேயே எடுத்தார்.

"ரெண்டு நம்பருக்கும் மாத்தி மாத்திக் கூப்பிட்டேம்மா. இருபது நிமிஷமும் கூப்பிட்டேன்" என்றார். கோபமில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "பேரு லிஸ்ட்லதான் இருக்கு. போனை மட்டும் பக்கத்துலயே வச்சுக்குங்க."

பக்கத்திலேயேதான் இருந்தது என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

இவரிடம் திட்டு வாங்கத் தயாராக நாற்காலியில் உட்கார்ந்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். அவர் பக்கத்துக் காலிக் கட்டிலையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். நர்ஸ் வந்து அதன் விரிப்பை உருவிக்கொண்டு போனார். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு சத்தமில்லாமல் அழுதேன். மெஷின் அதுபாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

மணி நாலானது. என் மடியில் போன் அடித்தது. திரையில் அவர் பெயர். இரண்டு கை தூரத்தில் படுத்துக்கொண்டு, ஊசியில்லாத கையால் போனைக் காதில் வைத்திருந்தார். இரண்டு ரிங் ஆனது. அவர் வைக்கவில்லை. மூன்றாவது அடித்தது, நாலாவது அடித்தது. ஆறு வாரத்தில் முதல் தடவையாக எடுத்தேன்.

"கேக்குதா?" என்றார். கட்டிலிலிருந்து ஒரு தடவை, போனிலிருந்து ஒரு தடவை வந்தது.

"கேக்குதுங்க" என்றேன்.