எதிர்ச்சாரியில் நின்ற சங்கம்

கறம்பக்குடி ரஞ்சிதாவுக்குப் பத்திரிகையாளர் சங்கத் தலைவர் முத்துராமனைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் அவர் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டியதாகிவிட்டது.

அவள் ஒரு நாளிதழின் பகுதிநேர நிருபர். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது சேர்ந்தாள். மகள் இப்போது ப்ளஸ் டூ படிக்கிறாள். விடியக்காலை விபத்து, மத்தியானம் சந்தை, சாயங்காலம் கட்சிக் கூட்டம் என்று நாள் முழுக்க அலைகிறவளுக்குப் பெயர் மட்டும் பகுதிநேரம். போன வருஷத்திலிருந்து செய்தியோடு வீடியோ, வீடியோவோடு ரீல்ஸ் என்று தலையில் ஏற்றிக்கொண்டே போனார்கள். அதையும் செய்தாள். கண்மாய் உடைப்பைப் படமெடுக்கப் போய் வழுக்கி விழுந்து கால் முறிந்தபோது ஆபீஸிலிருந்து ஒருத்தன் எட்டிப் பார்க்கவில்லை. கட்டுப் பிரித்து அவள் வேலைக்குத் திரும்பிய வாரம், நிருபர்கள் எல்லோருக்கும் ஒரு தாள் வந்தது. நான் ஊழியர் இல்லை, ஆர்வத்தால் செய்தி தருபவர், எந்த உரிமையும் கோர மாட்டேன் என்று கையெழுத்துப் போட வேண்டுமாம். போடாதவர்கள் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டலாமாம். மற்றப் பத்திரிகைகளும் காத்துக்கொண்டிருந்தாற்போல அதே தாளை நீட்டின. எவ்வளவு நெஞ்சழுத்தம் பாருங்கள்! ரஞ்சிதா போட மாட்டேன் என்றுவிட்டாள். மாசக் கடைசி வரை கெடு கொடுத்தார்கள்.

சங்கம் என்று ஒன்று மாவட்டத்தில் இருக்கத்தான் இருந்தது. வண்டியில் ஒட்ட ஸ்டிக்கர் கொடுக்கும். புதிதாக வரும் அதிகாரிக்குப் பொன்னாடை போர்த்தும். அவர் மாறிப் போகும்போது இன்னொன்று போர்த்தும். ஆண்டு விழாவில் பிரியாணி போடும். மற்றபடி ஒரு துரும்பைக் கிள்ளிப் போட்டதில்லை. முத்துராமனும் முதலில் பார்க்கலாம், பேசலாம் என்று இழுத்தார். அவள் விடவில்லை. உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, எல்லோரும் சேர்ந்து மறுத்தால் யாரையும் நீக்க முடியாது என்று தொண்டை வறளப் பேசினாள். கடைசியில் தலைவர் மசிந்தார். கலெக்டர் ஆபீஸ் எதிரே ஆர்ப்பாட்டம், மாவட்டமே திரளும் என்று வாட்ஸ்அப் குரூப்பில் முழங்கினார். ஆளாளுக்கு முஷ்டி பொம்மையைத் தட்டிவிட்டார்கள். அதற்கு மட்டும் குறைச்சலில்லை.

ஆர்ப்பாட்டத்தன்று அவள் முதல் பஸ்ஸிலேயே புதுக்கோட்டைக்கு வந்து, இரண்டு வேப்ப மரங்களுக்கு நடுவே பேனரைக் கட்டினாள். முறிந்த கால் விண்விண்ணென்று தெறித்தது. கொஞ்ச நேரத்தில் வந்தார்கள். பொய் சொல்லக் கூடாது, முத்துராமனிலிருந்து விராலிமலை ஆரோக்கியதாஸ் வரை எல்லோரும் வந்தார்கள். வந்து, நேராகச் சாலையின் எதிர்ச்சாரிக்குப் போய் டிரைபாடை விரித்து, போனை உயர்த்திப் பிடித்து, அவளைப் பார்த்து நின்றார்கள். ஆர்ப்பாட்டம் என்றால் அவர்கள் வழக்கமாக நிற்கும் இடம் அதுதான். இந்தப் பக்கம் அவள் ஒருத்தி.

படம் எடுத்துவிட்டு வருவார்கள் என்று பார்த்தாள். வெயில்தான் ஏறியது. ஆரோக்கியதாஸ் கையை ஆட்டி, ஏதாவது கோஷம் போடச் சொன்னார். ஆடியோ இல்லாமல் வீடியோ எடுபடாதாம்.

"தலைவரே, எடுத்தது போதும். இங்கிட்டு வந்து நில்லுங்க."

"நாங்களும் அங்கிட்டு வந்துட்டா யாரும்மா கவர் பண்றது?"

கவர் பண்ணுகிற மூஞ்சியைப் பார் என்று அவளுக்கு வாய் வரை வந்துவிட்டது. நொண்டிக்கொண்டே சாலையைக் கடந்து போய்த் தன் போனை எடுத்தாள்.

"நான் பண்றேன். எல்லாரும் போய் பேனர் பின்னாடி நில்லுங்க. பேரும் பேப்பரும் சொல்லுங்க."

ஒருத்தரும் அசையவில்லை. முத்துராமன் அவள் பக்கமாகக் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

"கோவிச்சுக்காதம்மா. நாங்கல்லாம் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டோம். அந்தப் பக்கம் நின்னு படத்துல விழுந்தா எங்க அட்டையவும் புடுங்கிருவாங்க."

"எப்பப் போட்டீங்க?"

"தாள் வந்த அன்னைக்கே."

அப்படியானால் குரூப்பில் முழங்கிய முழக்கமெல்லாம்? ரஞ்சிதா அழவில்லை. போனை இறக்காமல் ஒவ்வொரு முகமாகப் படமெடுத்துக்கொண்டே போனாள். சாவு வீட்டில் அழுகிறவள் வாய்க்குள் மைக்கை நுழைக்கிற சூரர்கள், ஹெல்மெட்டைக் கவிழ்த்துக்கொண்டார்கள். தலைவர் கைக்குட்டையால் முகத்தை மூடினார். ஒருத்தருக்குப் பிரஸ்மீட் ஞாபகம் வந்தது, இன்னொருத்தருக்குப் பிள்ளையின் பள்ளிக்கூடம். டிரைபாடை மடக்கக்கூடப் பொறுக்காமல் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வெட்கங்கெட்ட ஜென்மங்கள்.

அவள் திரும்பி வந்து பேனர் முன்னால் நின்றாள். போலீஸ் தனிப்பிரிவுக்காரர், கூட்டங்களைப் பற்றி மேலே தகவல் அனுப்புகிறவர், டீ குடித்து முடித்து மெல்ல வந்தார். ஆர்ப்பாட்டத்தில் எத்தனை பேர் என்று கேட்டார்.

"ஒருத்தர்," என்றாள் ரஞ்சிதா. "அங்கிட்டு நின்னதுகள ஆள் கணக்குல சேத்துறாதீங்க."