ஏரிக்கரைக் காவல்

மொன்றியலில், வேலைநிறுத்தம் செய்த துணை ஆசிரியர்கள் பல்கலைக்கழக வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். ஏப்ரல் மாதத்து ஈரப்பனி அவர்களுடைய அட்டைகளில் எழுதியிருந்ததைக் கரைத்துக்கொண்டிருந்தது. மெட்ரோ நிலையத்திலிருந்து ஏறிவந்த வதனி தலையைக் குனிந்தபடி ஓரமாக நடந்தாள். நேற்றுவரை அவளும் அவர்களோடுதான் நின்றாள்.

"வதனி, உள்ளுக்கோ போறாய்?"

றொஷினி. மன்னார்க்காரி, வதனியைப் போலவே ஆராய்ச்சி மாணவி, துணை ஆசிரியை. வதனிக்குப் பிள்ளை பிறந்தபோது ஆற்றுக்கு அப்பால் லொங்குய்யிலிருந்து தினமும் பத்தியச் சாப்பாடு சமைத்துக்கொண்டு வந்தவள்.

"இண்டைக்கு விடடி. பாடத்தை நடத்தினால் கோடை வகுப்பு வேலை எனக்குத்தான் எண்டு பேராசிரியர் சொன்னவர். உதயனுக்கும் வேலையில்லை. வாடகை நிலுவை, வீட்டுக்காரன் வீட்டை விட்டு எழும்பச் சொல்லிப்போட்டான்."

"எங்களுக்கு மட்டும் காசு கொட்டிக் கிடக்கோ?"

டோர்வல் விமான நிலையத்தில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் வேலை போனதிலிருந்து கணவன் உதயன் சுவரைப் பார்த்தபடியே படுத்திருக்கிறான். பிள்ளை அவன் முதுகில் விளையாட்டுக் கார் ஓட்டினாலும் திரும்புவதில்லை. வேலைநிறுத்தம் நியாயம் என்று வதனிக்கும் தெரியும். கூட்டத்தில் அதற்குக் கை உயர்த்தியவள்தான். அதே கையால் இன்று கதவைத் தள்ளினாள்.

வகுப்பில் பத்துப் பேர்கூட இல்லை. இருநூறு வருடங்களுக்கு முந்திய அமெரிக்கா. வெளிநாட்டு வியாபாரத்தை ஜனாதிபதி தடைசெய்த காலம். கனடா எல்லையோரத்து ஏழைச் சனங்கள் மரம் எரித்த சாம்பலில் பொட்டாஷ் உப்பெடுத்து, ஏரி வழியாக இதே மொன்றியலுக்கு விற்றுத்தான் சீவித்தார்கள். தலைநகரத்தில் போட்ட சட்டம் அவர்களுடைய அடுப்பை அணைத்தது. அவள் சொல்லிக்கொண்டிருக்கையில் கதவு திறந்தது. றொஷினி வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். குழப்பம் செய்ய வந்தாளோ என்று மாணவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் நனைந்த கூந்தலோடு பேசாமல் இருந்தாள்.

வதனி பாடத்தை நிறுத்தவில்லை. சனங்கள் இரவில் களவாகத் தோணி விட்டார்கள். அரசு ஏரிக்குக் காவல் போட்டது. உள்ளூர் ஆட்களிலும் சிலர் துப்பாக்கியோடு அந்தக் காவலில் நின்றார்கள். ஆய்வேட்டில் அவர்களைப் பற்றி அவள் ஒற்றை வரிதான் எழுதியிருந்தாள்: கூலிக்காக அயலவரைக் காட்டிக்கொடுத்தவர்கள். இன்று அந்த வரி வாயில் வரவில்லை.

"அவர்களுடைய வீட்டிலும் பசி இருந்தது" என்றாள் ஆங்கிலத்தில்.

றொஷினி கையை உயர்த்தினாள். அந்த அறையில் வேறு எவருக்கும் விளங்காத தமிழில் மெதுவாகக் கேட்டாள்.

"பேந்து, எல்லாம் முடிஞ்சாப்பிறகு, காவலுக்கு நிண்டவையோட ஊர்ச்சனம் கதைச்சதோ, வதனி?"

வதனி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். வரப்போகும் பதிலை எழுதிக்கொள்ள மாணவர்கள் பேனாவோடு அவளையே பார்த்திருந்தார்கள்.