கேப்டன் மனைவியின் கட்டில்

அந்தக் கப்பலுக்கும் அவளுக்கும் பத்தொன்பது வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. சிரிக்க வேண்டாம். மரக்கட்டையோடு யாராவது மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார்களா என்று கேட்கலாம். கட்டிக்கொண்டவன் அந்த மரக்கட்டையிலேயே குடியிருந்தால் வைத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

கப்பல் சாதாரணக் கப்பல் இல்லை. நூற்றைம்பது வருஷம் பழசு, மூன்று பாய்மரம். ஓடின காலம் முடிந்து துறைமுகத்து ஓரமாக அருங்காட்சியகமாக நிற்கிறது. அவள் கணவர் முதலில் அதில் கயிற்று வேலைக்காரர். முழங்கால் மக்கர் பண்ணிய பிறகு வந்தவர்களுக்குச் சுற்றிக் காட்டும் வழிகாட்டி. அங்கே அவருக்குப் பெயர் ரேடியோ. வீட்டில் நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அவருக்குப் போய் ரேடியோ என்று யார் பெயர் வைத்தார்களோ என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

பேச்சுவார்த்தை நின்ற கதை இதுதான். கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து வயிற்றில் தங்கிய குழந்தை. அவளுக்கு வலி கண்ட அதே காலையில் கப்பலில் நடு பாய்மரத்தைத் தூக்கி நிறுத்துகிறார்கள். கடல் நீர் ஏறும் நேரம் பார்த்துத்தான் நிறுத்த முடியும். காற்று ஒத்துழைக்காமல் மூன்று நாள் இழுத்துவிட்டது. அந்த மூன்று நாளும் அவர் கப்பலில். அவள் ஆஸ்பத்திரியில். வாசலில் பயந்துபோய் நின்ற தங்கையைத் தவிர ஆள் கிடையாது. மூன்றாம் நாள் மாலை அவர் கையில் தார் வாசனையோடு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பெண் குழந்தை. உயிரில்லை.

"மரம் அந்தரத்துல தொங்குது, நான் எப்படி விட்டுட்டு வர்றது?" என்றார்.

ஒரு வாரம் கழித்துச் சமையலறையில் உட்கார்ந்து, நடந்ததை ஒன்று விடாமல் அவரிடம் சொன்னாள். அவர் முடிவுவரை கேட்டார். பிறகு இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "போதும். இனிமே இந்த வீட்டுல இந்தப் பேச்சே வேண்டாம். என்னால தாங்க முடியாது" என்றார். சரி என்றாள். பத்தொன்பது வருஷம் அந்தச் 'சரி'யைக் காப்பாற்றினாள். தெருவில் அந்த வயசுப் பெண்ணைப் பார்த்துவிட்டு வந்தால்கூட வீட்டுக்குள் நுழையும்போது வாயைத் துடைத்துக்கொண்டு நுழைவாள். தங்கையிடமும் மூச்சு விடவில்லை. மனுஷன் தாங்க மாட்டார், அவ்வளவுதான்.

போன வாரம் குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே ஒரு கடிதம் கிடந்தது. 'இந்த ஆண்டின் சிறந்த வழிகாட்டி' என்று அவர் பெயர். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வரவும் என்று இரண்டு அனுமதிச் சீட்டு. அவர் அதைப்பற்றி வாயே திறக்கவில்லை. தன் மனசு நோகுமே என்று மறைத்திருக்கிறார், பாவம் என்று அவளுக்குப் பட்டது. பத்தொன்பது வருஷம் போதும். நாமே போய் நின்று, இந்த வீம்பை முடித்துக்கொள்வோம் என்று முடிவு பண்ணினாள். மன்னிப்பது என்பதைப் பெரிய வார்த்தையாக அவள் நினைக்கவில்லை. ஒரு நாள் லீவு போட்டுச் செய்கிற காரியம் என்றுதான் நினைத்தாள்.

தங்கையைத் துணைக்குக் கூப்பிட்டாள்.

"ஒருவழியா சக்களத்தியப் பார்க்கக் கிளம்பிட்டியா?" என்றாள் தங்கை. "நல்ல புடவையாக் கட்டு. அவளுக்கு மூணு மரம், நமக்கு என்ன இருக்கு!"

அருங்காட்சியகக் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் கப்பலின் நாள்குறிப்பேடு விரித்து வைத்திருந்தது. பக்கத்தில் தட்டச்சு செய்த பிரதி. அவள் வேலை ஒரு ஆஸ்பத்திரியின் ஆவண அறையில். யார் எழுதினார்கள், எத்தனை மணிக்கு எழுதினார்கள் என்று பார்க்காமல் எந்தத் தாளையும் தாண்ட மாட்டாள். காற்று, பாய், தண்ணீர்ப் பீப்பாய். அதற்கு நடுவே ஒரே ஒரு வரி: 'என் மனைவிக்குப் பெண் குழந்தை. உயிரில்லை. காற்று தென்மேற்கு.' அதற்கு முந்தின மூன்று நாளும் நாலு மணி நேரத்துக்கு ஒரு தரம், அதே கேப்டன் கையெழுத்து. இவனும் மேல்தளத்தில்தான் நின்றிருக்கிறான் பாவி என்று நினைத்துக்கொண்டாள்.

"அக்கா, வா, கூப்பிடறாங்க" என்று தங்கை கையைப் பிடித்து இழுத்தாள்.

ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு பேர். இவர்கள் கடைசி இரண்டு பேர்; முன்னால் முதுகுப்பை மாட்டிய ஒரு நெட்டை ஆசாமி மறைத்துக்கொண்டு நின்றான். ஏணியில் முகத்தைப் படிப்பக்கம் வைத்து, பின்னாலேயே இறங்க வேண்டும். கீழே இருட்டு. அவர் கையில் ஒரு விளக்கு, அதன் வெளிச்சம் அவர் முகத்தில் மட்டும்.

"தலை, தலை! குனிஞ்சு வாங்க. இந்தக் கப்பல்ல முதலாளிக்கும் குனியணும், உத்தரத்துக்கும் குனியணும்" என்றார். கூட்டம் சிரித்தது. சமையல் அடுப்பைக் காட்டினார், எலி தின்ற பிஸ்கட்டுப் பெட்டியைக் காட்டினார், குரட்டை விட்டே வேலையை இழந்த மாலுமி ஒருவனைப் போல் குரட்டை விட்டுக் காட்டினார். அவளே விழுந்து விழுந்து சிரித்தாள். இந்த மனுஷனா அது! இந்தச் சிரிப்பையெல்லாம் எந்தப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார்! அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. தங்கையை இடித்து, "பார்த்தியா உங்க அத்தானை" என்றாள்.

கேப்டன் அறைக்குள் போனதும் அவர் குரல் இறங்கியது. சுவரோடு ஒரு குறுகின கட்டில். விளக்கை அதன்மேல் பிடித்தார்.

"இந்தக் கட்டில்லதாங்க கேப்டனோட சம்சாரம் மூணு நாள் வலியில கெடந்தாங்க. ஏழு வருஷம் காத்திருந்து வந்த புள்ள. வலி தாங்க முடியாதப்ப அவங்க என்ன பண்ணாங்க தெரியுமா? மேல பாருங்க. அந்தப் பலகையில இருக்கற ஆணிய எண்ணினாங்க. இருபத்தேழு. திரும்பத் திரும்ப இருபத்தேழு."

பதினொரு தலையும் நிமிர்ந்தது. அவள் தலை நிமிரவில்லை. ஆஸ்பத்திரி அறையின் மேற்கூரையில் இருந்த காற்றுத் துளைகள் அவை. இருபத்தேழு. சமையலறையில் உட்கார்ந்து சொன்னது.

"கொழந்தை பொறந்துச்சு. அழல. அந்த அம்மா அத மடியில வாங்கிப் பார்த்தாங்க. விரல்ல நகம் முழுசா வளர்ந்திருந்துச்சாம். அவங்க சொன்னது ஒரே வார்த்தை: 'ஐயோ, இதுக்கு நகம் வெட்டணுமே.'"

யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். தங்கை புரியாமல் அக்காவின் முகத்தைப் பார்த்தாள். அந்த நகத்தைப் பற்றி இந்த உலகத்தில் அவளைத் தவிர ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். தாங்க முடியாது என்று காதைப் பொத்திக்கொண்டவருக்கு. ஒரு நாளைக்கு நாலு சுற்று. வாரத்துக்கு ஆறு நாள்.

அவர் இன்னும் முடிக்கவில்லை.

"ஆனா ஒண்ணு சொல்லணும். அந்த மூணு நாளும் கேப்டன் இந்தக் கட்டில விட்டு நகரலீங்க. அவங்க கையப் பிடிச்சுக்கிட்டு இங்கயே, இதோ இந்த ஸ்டூல்லயே உக்காந்திருந்தார். கப்பல் எக்கேடோ கெட்டுப் போகட்டும்னுட்டார். அதுதாங்க அன்பு."

அடப்பாவி! திருடினதுதான் திருடினாய், அதிலே உனக்கு ஒரு ஸ்டூலையும் போட்டுக்கொண்டாயே!

"அவர் அங்க இல்ல" என்றாள் அவள்.

எல்லோரும் திரும்பினார்கள். நெட்டை ஆசாமி ஒதுங்கினான். விளக்கு அவள் பக்கம் வந்தது, அந்த இடத்திலேயே நின்றது.

"மேல கண்ணாடிப் பெட்டியில இருக்கு. மூணு நாளும் நாலு மணி நேரத்துக்கு ஒருதடவ அவரே கைப்பட காத்தப் பத்தி எழுதியிருக்கார். இங்க கையப் பிடிச்சிட்டிருந்தவர் அங்க எப்படி எழுதினார்?" அவள் குரல் அவளுக்கே அன்னியமாக இருந்தது. "அந்தப் பொம்பள தனியாத்தான் கெடந்தா. ஒவ்வொரு தடவ கதவு திறக்கறப்பவும் அவசர அவசரமா முகத்தத் துடைச்சுக்கிட்டா. வர்றது அவரா இருந்தா, அழுத மூஞ்சியோட தன்னப் பார்த்துப் பயந்துடக் கூடாதேன்னு. மூணு நாளும் துடைச்சா. ஒரு தடவகூட அவர் இல்ல."

இதை அவள் அவரிடமும் சொன்னதில்லை. யாரிடமும் சொன்னதில்லை. எப்படி வாயில் வந்தது என்றே தெரியவில்லை.

அவர் முகம் வெளுத்துப் போயிருந்தது. ஆனால் ரேடியோ அல்லவா, நிற்குமா?

"நல்லாச் சொன்னீங்கம்மா" என்றார். "அப்படியும் சிலர் சொல்றதுண்டு. பழைய கதைன்னா நாலு விதமா இருக்கும். சரி வாங்க, அடுத்து பாய் வைக்கிற அறை."

நாலு விதமா! அம்மாவாம்! இருபத்தாறு வருஷம் கூட வாழ்ந்தவளை வழியில் வந்த அம்மா ஆக்கிவிட்டார். அவள் விறுவிறுவென்று ஏணியேறி மேல்தளத்துக்கு வந்தாள். தங்கை பின்னாலேயே ஓடி வந்து, "அக்கா, அது உன்னோட... அது நம்ம..." என்று ஆரம்பித்து முடிக்க முடியாமல் கட்டிக்கொண்டு அழுதாள். அவளுக்கு அழுகை வரவில்லை. வயிறு எரிந்தது.

சுற்று முடிந்ததும் அவர் மூச்சிரைக்க வந்தார். தங்கையைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

"வீட்டுல பேசிக்கலாம்" என்றார்.

"வீட்டுலதான் பேசக் கூடாதாச்சே! உங்களுக்குத்தான் தாங்காதே! ஊரக் கூட்டி வச்சா மட்டும் தாங்குமோ?"

"மெதுவா பேசு. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். எத்தன வருஷமா சொல்றீங்க?"

அவர் மடித்துப் போட்டிருந்த கயிற்றுச் சுருளின் மேல் உட்கார்ந்தார். "ஒவ்வொரு வழிகாட்டியும் ஒரு அறைக்கு சொந்தமா ஒரு கதை வச்சிருக்கணும்னு இங்க ஒரு பழக்கம். எனக்குக் கேப்டன் அறை கொடுத்தாங்க. அந்த ஒரு வரியப் படிச்சேன். வாயில தானா வந்துடுச்சு" என்றார். குரல் உடைந்தது. "உன்கிட்ட சொல்ல என்னால முடியல. அங்க சொல்ல முடிஞ்சுது. அந்தக் கதையிலயாவது நான் உன் பக்கத்துல இருக்கேன். அவ்வளவுதான். எனக்கு வேற வழி தெரியல."

அவர் அழுதார். முகத்தை மறைக்காமல், குழந்தை மாதிரி. அந்த அழுகையைப் பார்ப்பதற்கு அவள் பத்தொன்பது வருஷம் காத்திருந்தாள். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் இதில் கால்வாசி அழுதிருந்தாலும் அவள் இந்தக் கப்பலை எப்போதோ மன்னித்திருப்பாள். கோபம் இருந்த இடத்திலேயே இருந்தது. ஆனால் அதற்குள் எங்கேயோ ஒன்று இளகியது. பாழாய்ப்போன மனசு.

"இனிமே அந்தக் கதையச் சொல்லக் கூடாது" என்றாள்.

"சொல்ல மாட்டேன்."

"ஒரு வார்த்தை கூட."

அவள் கையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டார். "சத்தியமா. அந்தக் கட்டிலையே காட்ட மாட்டேன். இன்னைக்குக் கடைசிச் சுற்று ஒண்ணு பாக்கி. முடிச்சுட்டு வந்துடறேன். சேர்ந்து வீட்டுக்குப் போவோம். எவ்வளவு வேணும்னாலும் பேசு, விடிய விடிய கேக்கறேன்."

மணி அடித்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு, சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு போனார். "நீ இவர நம்பறியா?" என்றாள் தங்கை. "அத்தான் அழுதப்பவும் மணி எப்ப அடிக்கும்னு ஒரு காது அங்கதான் இருந்துச்சு."

"சும்மா இருடி. சத்தியம் பண்ணியிருக்கார்."

இருவரும் மேல்தளத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பக்கத்தில் தரையோடு தரையாக ஒரு கண்ணாடிக் கூண்டு, கீழே இருக்கும் அறைக்கு வெளிச்சம் போவதற்காக. வெக்கைக்காக அதன் ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். எந்த அறைக்கு மேலே உட்கார்ந்திருக்கிறோம் என்று அவள் யோசிக்கவில்லை. வீட்டுக்குப் போய் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தாள். குழந்தைக்கு அவள் மனசுக்குள் ஒரு பெயர் வைத்திருந்தாள். அதையும் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள்.

கீழேயிருந்து காலடிச் சத்தம் கேட்டது. பிறகு அவர் குரல், தணிந்து, நிதானமாக.

"இந்தக் கட்டில்லதாங்க கேப்டனோட சம்சாரம் மூணு நாள் தனியா கெடந்தாங்க."

தங்கை அவள் தோளைப் பிடித்தாள்.

"கேப்டன் வரல. மேல நின்னு காத்து எந்தப் பக்கம்னு எழுதிக்கிட்டிருந்தார். அந்த அம்மா என்ன பண்ணாங்க தெரியுமா? ஒவ்வொரு தடவ கதவு திறக்கறப்பவும்..." ஒரு கணம் நிறுத்தினார். அப்படி நிறுத்துவது அவர் வழக்கம் என்று இப்போது அவளுக்குத் தெரியும். "அவசர அவசரமா முகத்தத் துடைச்சுக்கிட்டாங்க. வர்றது அவரா இருந்தா, அழுத மூஞ்சியப் பார்த்துப் பயந்துடக் கூடாதேன்னு."

கீழே ஒரு பெண் விம்மினாள். யாரோ 'ஐயோ' என்றார்கள். இதற்கு முந்தின சுற்றில் யாரும் இவ்வளவு அழவில்லை.

"இது எந்தக் குறிப்பேட்டுலயும் கிடையாதுங்க" என்றது ரேடியோ.

அவள் அதை வாய் திறந்து சொல்லி இன்னும் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.