ஏழு பேரின் பெயர்

"மிதி, டொலறஸ்! மிதி! இன்னும் கொஞ்சம்தான்!"

கிளறிற்றா உடற்பயிற்சி சைக்கிளின் குமிழை மேலும் இறுக்கினாள். டொலறஸ் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தாள். வியர்வை மூக்கு நுனியில் சொட்டியது. ஆனால் திரையில் தெரிந்த நாடித்துடிப்பு மட்டும் தொண்ணூற்றிலேயே குந்திக்கொண்டு அசைய மறுத்தது. அது நூற்றிருபதைத் தொட வேண்டும். தொடாவிட்டால் கிளறிற்றாவின் சோதனை அவ்வளவுதான். இரண்டடி தள்ளி நின்ற தேர்வாளர் பிரிஜெட் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

லண்டனில் அப்டன் பார்க்குக்கு அருகில் இருந்த அந்தக் கல்லூரியில், நாற்பத்தெட்டு வயதில், பேர்சனல் ட்ரெய்னர் படிப்புக்குச் சேர்ந்தவள் கிளறிற்றா. சேர்ந்த நாளில் இருந்து மாதா கோயில் வாசலில் அவளுக்குப் பகிடிதான். "பேத்தி காணுற வயசில லெகின்ஸ் கேக்குதோ?" என்று காதுபடவே கேட்டார்கள். எல்லாவற்றையும் விழுங்கினாள். பாஸ் பண்ணினால் பங்கு மண்டபத்தில் எங்கள் பெண்களுக்கு ஒரு வகுப்பு நடத்தலாம் என்று பங்குச் சுவாமி சொல்லியிருந்தார். கடைசிச் சோதனைக்கு வெளியில் இருந்து ஓர் ஆளைக் கூட்டிவந்து பயிற்சி கொடுத்துக் காட்ட வேண்டும். ஒருத்தியும் முன்வரவில்லை, டொலறஸைத் தவிர.

"நான் வாறனடி. ஆர் சிரிச்சா எனக்கென்ன?"

டொலறஸ் அப்படித்தான். யாழ்ப்பாணத்தில் கன்னியர் மடப் பள்ளியில் படித்த காலத்திலேயே அப்படித்தான். இருவரும் சேர்ந்து ஆடிய நெற்போல் என்னும் வலைப்பந்து அணியில் அவள் சென்ரர். கொளுத்தும் வெயிலில் மைதானம் முழுக்க ஓடிக்கொண்டே வாய் ஓயாமல் கதைப்பாள். "வாயை மூடிக்கொண்டு ஓடு!" என்று சிஸ்டர் விசிலை ஊதுவார். "மூடினா மூச்சு எங்கால வாறது சிஸ்டர்?" என்று ஓடியபடியே கேட்பாள். நீலப் பாவாடையில் புழுதி, ரிபன் அவிழ்ந்த பின்னல், ஒரே போத்தலில் ஏழு பேரும் வாய் வைக்காமல் குடித்த தண்ணீர். அந்த ஏழு பேரும் எங்கெங்கோ சிதறிப்போக, இவர்கள் இரண்டு பேரையும் காலம் மனோர் பார்க்கில் அடுத்தடுத்த தெருவில் கொண்டுவந்து விட்டிருந்தது. இப்போது உறவாகவும் போகிறார்கள். டொலறஸின் மகள் ஜெஸ்ரினை, கிளறிற்றாவின் மகன் மேர்வினுக்குக் கேட்டு வாற ஞாயிறு வெற்றிலைத் தட்டுடன் போவதாக ஏற்பாடு.

நாடி இன்னும் தொண்ணூற்றில்தான் நின்றது. குமிழை நோக்கி மீண்டும் கையைக் கொண்டுபோன கிளறிற்றா, டொலறஸின் முகத்தைப் பார்த்தாள். உதடு வெளிறியிருந்தது.

திரையில் தெரியும் எண்ணை மட்டும் நம்பாதே, ஆளைக் கதைக்க விட்டுப் பார் என்று வகுப்பில் சொல்லித் தந்தது சட்டென நினைவுக்கு வந்தது.

"டொலறஸ், எங்கட டீம் ஏழு பேரின்ர பேரையும் சொல்லு."

"லூர்தம்மா... கமலேஸ்வரி..."

மூன்றாவது பெயர் வரவில்லை. வாய் திறந்தது, சத்தம் இல்லை. மைதானம் முழுக்க ஓடியும் வாய் மூடாதவளுக்கு இரண்டு பெயருக்கு மேல் மூச்சு இல்லை!

"நிப்பாட்டு!" கிளறிற்றா குமிழைத் தளர்த்தி, அவளை இடுப்போடு அணைத்துத் தரையில் இருத்திச் சுவரில் சாய்த்தாள். சோதனையாவது மண்ணாங்கட்டியாவது. பிரிஜெட் ஏற்கெனவே ஆம்புலன்ஸை அழைத்துக்கொண்டிருந்தாள்.

"நெஞ்சு நோகுதோ?"

டொலறஸ் ஆமென்று தலையாட்டினாள். தன் கைப்பையைக் காட்டினாள். "செபமாலைப் பை..."

செபம் சொல்லும் நேரமா இது என்று பதறியபடி கிளறிற்றா அந்தச் சின்னப் பையைத் திறந்தாள். உள்ளே செபமாலை இல்லை. குளிசை மாத்திரைகளும், நெஞ்சு நோவுக்கு நாக்குக்குக் கீழே அடிக்கும் ஸ்பிறேயும் இருந்தன. டொலறஸ் ஸ்பிறேயை வாங்கி அடித்துக்கொண்டாள்.

ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து பார்த்தார்கள். உயிருக்கு ஆபத்தில்லை, ஆனாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும் என்றார்கள். அவள் போடுவது இருதயத் துடிப்பை அடக்கி வைக்கும் குளிசை. என்ன மிதித்தாலும் அந்த எண் ஏறியிருக்காது என்று விளக்கினார்கள். கிளறிற்றா சைக்கிளின் குமிழைத் திரும்பிப் பார்த்தாள். இன்னும் ஒரு திருகு திருகியிருந்தால்?

நல்ல நேரத்தில் நிறுத்தினாய் என்றாள் பிரிஜெட். ஆனால் தொடங்குவதற்கு முன் உடல்நிலையை விசாரிக்கும் பகுதியை நீ திரும்பச் செய்து காட்ட வேண்டும் என்றும் சொன்னாள்.

காலையில் தான் விசாரித்த விதம் கிளறிற்றாவுக்கே தெரியும். "வருத்தம் ஒண்டும் இல்லைத்தானே?" இல்லை என்ற பதிலையும் கேள்வியோடு சேர்த்தே கொடுத்திருந்தாள். "கல்லு மாதிரி இருக்கிறன்" என்றாள் டொலறஸ். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

ஆம்புலன்ஸுக்குள் டொலறஸின் பக்கத்தில் இருந்தபோது கிளறிற்றாவுக்குக் கோபம் அடங்கவில்லை. "நீ கோயில்ல அந்தப் பையைத் திறக்கேக்க, இவளுக்குப் பக்தி முத்திப்போச்சு எண்டெல்லோ நினைச்சனான்! எத்தினை நாளா இது?"

"போன வருஷத்தில இருந்து. ஆஸ்பத்திரியில கிடந்தனான். கனடாவுக்குப் போனதெண்டு சொன்னது அதுதான்."

"எனக்குமாடி சொல்லேலாது?"

"உனக்குத்தானடி சொல்லேலாது." டொலறஸின் கண் நிறைந்தது. "என்ர அம்மாவும் நெஞ்சு வருத்தத்திலதான் போனவ. இப்ப நானும். பரம்பரை வருத்தம் எண்டா என்ர பெட்டை ஜெஸ்ரினை ஆர் எடுப்பினம்? நீ சிநேகிதி மட்டுமெண்டா எப்பவோ சொல்லியிருப்பன். நீ மாப்பிள்ளையின்ர அம்மாவெல்லே."

கிளறிற்றா வெளியே பார்த்தாள். கிரீன் ஸ்ட்ரீட்டின் சேலைக் கடைகள் ஒவ்வொன்றாகப் பின்னால் நகர்ந்தன.

"மிச்ச ஐஞ்சு பேரையும் சொல்லன்," என்றாள் கடைசியில்.

டொலறஸ் மெல்லச் சொன்னாள். மூச்சு இப்போது இடம் கொடுத்தது. "...சென்ரர் டொலறஸ். கோல் கீப்பர் கிளறிற்றா."

"ஏழு பேரும் ஒரு போத்தல்ல தண்ணி குடிச்சனாங்கள். அப்ப ஒருத்திக்குக் காய்ச்சல் எண்டாலும் மற்றவளுக்குத் தெரியும். இப்ப பிள்ளையளின்ர கலியாணம் எண்டு சொல்லி வருத்தத்தை ஒளிக்கிறம். ஒளிச்சு வைச்சா வருத்தம் மாறாதடி. எங்களைக் காப்பாத்தக்கூடிய ஆளின்ர கண்ணைத்தான் நாங்கள் கட்டி விடுறம். இண்டைக்கு என்ர கையாலேயே உன்னைக் கொன்றிருப்பன்."

"அப்ப... ஞாயிற்றுக்கிழமை?" என்று கேட்டாள் டொலறஸ். "வருவியோ?"

கிளறிற்றா தன் பையின் ஓரத்தில் கையை விட்டு ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்தாள். குளுக்கோஸ் இனிப்பு. எங்கே போனாலும் அது அவளுடன் போகும். ஏன் என்று டொலறஸ் கேட்ட போதெல்லாம் "பழக்கம்" என்று சொல்லிச் சமாளித்தவள், இப்போது அதைத் தோழியின் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

"நான் வாறன். நீதான் யோசிச்சுச் சொல்ல வேணும். இது மேர்வினுக்கு, சீனி இறங்கினாக் குடுக்க. சின்ன வயசில இருந்து அவன் இன்சுலின் ஊசியிலதான் இருக்கிறான்."